ஒரு கூடை மூங்கில்

நான் போகலைங்க. போற பஸ்ல ஏறியிருக்கேன், அவ்வளவுதான். டிக்கெட் பவானிக்குத்தான் எடுத்திருக்கேன், அதுக்காக எறங்கியே ஆகணும்னு சட்டமா இருக்குது? நீங்க கேட்டதுக்குச் சொல்றேன். எம்பொண்ணு தாரணிக்கு இன்னிக்குப் பத்தரைக்கு முகூர்த்தம், கூடுதுறைக்குப் பக்கத்து மண்டபத்துல. பெத்தவன் நான் இங்க உங்க பக்கத்துல ஜன்னலோரம் உக்காந்திருக்கேன். போறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலைங்க.

காலைக் கொஞ்சம் அக்கட்ட வெச்சுக்குங்க சார், அந்தப் பையில என்ற டம்ளர் இருக்குது. எங்க போனாலும் சொந்த டம்ளர்தான். சுத்தத்துக்குங்க, வேற ஒண்ணுமில்லை.

அது என்னங்க மடியில, பரீட்சைப் பேப்பருங்களா? வாத்தியாருன்னு அப்பவே நெனச்சேன், சட்டைப் பையில ரெண்டு பேனா, ஒண்ணு சிவப்பு. எழுதாத தாள் ஒண்ணு இருந்தா இப்படிக் குடுங்க. சும்மா ஒரு ஓரம், அவ்வளவுதான். பாத்தீங்களா, கத்திரி வெச்சாப்பல நறுக்குனு வந்துருச்சு. எல்லாம் குட்டை நாரு. இதுல ஒரு பையன் ரப்பர் வெச்சு ரெண்டு தரம் அழிச்சான்னா மூணாவது தரம் மேஜை மேலதான் எழுதணும். எனக்கு இது பழக்கமுங்க. எந்தத் தாளு கையில வந்தாலும் ஓரத்தைக் கிழிச்சுப் பாத்துருவேன். கரண்டு பில்லு, சாமி காலண்டரு, தாரணியோட பன்னெண்டாவது மார்க் ஷீட்டு. மார்க் ஷீட்டுக்கு அவ மூணு நாள் எங்கூடப் பேசலை. ஆனா அது நல்ல தாளுங்க.

பேப்பர் மில்லுலதான் வேலை. ஆத்தோரத்துல இருக்குது, பேரு வேண்டாம், இன்னும் அங்கதான் சம்பளம் வாங்கறேன். கட்டை யார்டுக்கு நான்தான் சூப்பர்வைசர். பொங்கியண்ணன் வர்றான்னா கட்டையும் எந்திரிச்சு நிக்கும். முப்பத்தியொரு வருஷமா மூணு வண்டி மூங்கில், ரெண்டு வண்டி சவுக்கு, அந்தக் கணக்குல கலந்து பெல்ட்ல ஏத்துனது இந்தக் கைதான். அது சீவலாகி, பெரிய கொப்பரைக்குள்ள போயி, மருந்துத் தண்ணியில வெந்து கூழாகும். கூழு கழுவிச் சலிச்சாப் பேப்பரு. என்ற கலவைக்குப் பேரே பொங்கியண்ணன் கலவைன்னுதான். யாரு வெச்ச பேருன்னு கேக்கறீங்களா? நான்தான் வெச்சேன்.

எங்க யார்டுல பேதமே கிடையாதுங்க. மூங்கில் ஒசத்தி, சவுக்கு தாழ்த்தின்னு பாத்ததே இல்லை. எல்லாம் ஒண்ணா விழும், ஒண்ணா வேகும். ஆளுகளும் அப்படித்தான். அறுபத்திரெண்டு பேரு, எல்லாருக்கும் ஒரே டீ. நான் மட்டும் என்ற டம்ளர்ல குடிப்பேன். யாரு தொட்டாலும் கழுவித்தான் குடிப்பேன். லோடர் வண்டி ஓட்டற மாரப்பன் தொட்டா ரெண்டு தரம் கழுவுவேன். அவன் கையில கிரீஸ் இருக்குமுங்க.

இப்படி நல்லாப் போயிட்டிருந்ததுல போன மாசியில நோட்டுக் கம்பெனியில இருந்து லோடு லோடாத் திரும்பி வந்துச்சு. தாளு கிழியுதாம். நடுநடுவுல வேகாத மரச் சிலாம்பு நிக்குதாம், பேனா முள்ளு அதுல முட்டிக்குதாம். ஒரு பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் லெட்டரே போட்டிருந்தாரு. பையன் கணக்குல ஒரு பூஜ்யத்தை அழிச்சானாம், பின்பக்கத்துல எழுதியிருந்த பானிபட் போரும் சேந்து போயிருச்சாம். மேனேஜர் எங்களை நிக்க வெச்சுச் சொல்லிப் போட்டாரு. ஆறு மாசத்துக்குள்ள தாளு தேறலைன்னா வெளிநாட்டுல இருந்து கூழு அட்டையா வருது, தண்ணியில கரைச்சாப் போதும், அப்புறம் யார்டே வேண்டாம்னு. அறுபத்திரெண்டு குடும்பம் சார். என்னையும் சேத்தா அறுபத்திமூணு.

அதுக்குத்தான் நாகர்கோயில்ல இருந்து சுகிர்தா மேடத்தைக் கூட்டிட்டு வந்தாங்க. கெமிஸ்ட்டு. சின்ன உருவம், பெரிய கண்ணாடி. வந்த முதல் நாளே கூழை வெரல்ல எடுத்துத் தேச்சுப் பாத்துட்டு, "பிரச்சினை நாரிலேயாக்கும்"னாங்க. எங்க காதுல நாத்தம்னு விழுந்துச்சு. மில்லு நாத்தம் உங்களுக்குத் தெரியாது, அழுகின முட்டைக்கோசு ஊரு பூராக் காயப்போட்டாப்பல இருக்கும். நான் ஆறுதலாச் சொன்னேன், "முப்பது வருஷமா நாறிட்டுத்தானுங்க இருக்குது மேடம், போகப் போகப் பழகிரும்"னு. அந்தம்மா என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, "நாத்தமில்ல அண்ணா, நார். ஃபைபர்"னாங்க. அன்னைக்கே எங்களுக்குள்ள சரியா அமையலைங்க.

அவங்க சொன்னது இதுதான். மூங்கில் நாரு நீளம், இழுத்துப் பிடிக்கும், தாளு கிழியாது. சவுக்கு நாரு குட்டை, சந்து பொந்தெல்லாம் அடைச்சு வழுவழுன்னு ஆக்கும். ரெண்டும் வேணும். ஆனா ஒரே கொப்பரையில போட்டா, மூங்கில் சீக்கிரம் வெந்துருது, சவுக்கு வேகலை. சவுக்கு வேகற வரைக்கும் விட்டா மூங்கில் குழைஞ்சு போகுது. அதனால தனித்தனியா வேக வெச்சு, தனித்தனியாக் கழுவி, அதது தாங்கற அளவுக்கு அடிச்சு, கடைசியில கலக்கணும். "அப்போ ஒண்ணையொண்ணு பிடிச்சா விடாது அண்ணா"ன்னாங்க.

எனக்குப் பத்திட்டு வந்துச்சு. முப்பத்தியொரு வருஷமா ஒண்ணாக் கெடந்ததைப் பிரிக்கறதாவது. "நாங்க இங்க பிரிவினை பாக்கறதில்லைங்க மேடம்"னு மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். எல்லாரும் பாத்தாங்க. மாரப்பனும் பாத்தான். அவன் ஏன் குனிஞ்சு சிரிச்சான்னு எனக்கு இன்னும் வெளங்கலைங்க.

மேடத்துக்கு ஒரு உதவியாள் வேணும்னு லேப்புல இருந்த பூவரசனைக் குடுத்தாங்க. மாரப்பனோட மகன். பேரே மரம் பாருங்க. கெமிஸ்ட்ரி படிச்சவன், நல்ல ஒசரம், சத்தமாப் பேச மாட்டான். ஒரு நாள் மேடம் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, நீங்களே மைக்ராஸ்கோப்புல பாருங்க, மூங்கில் நார் எப்படி, சவுக்கு நார் எப்படின்னு"ன்னாங்க. கண்ணை வெச்சேன். கருப்பா, நீட்டு நீட்டா, ஓரம் வளைஞ்சு ஒரு வரிசையே நிக்குது. "அருமையான மூங்கில் நாருங்க மேடம், என்ற யார்டுச் சரக்குன்னா சும்மாவா"ன்னேன். பூவரசன் பக்கத்துல வந்து மெல்ல, "ஐயா, அது உங்க கண்ணு ரெப்பை முடிங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க"ன்னான். மத்தவங்கெல்லாம் வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சாங்க. அந்தப் பையன் சிரிக்கலை. அவனும் சிரிச்சிருந்தா எனக்கு இவ்வளவு கோவம் வந்திருக்காதுங்க.

அந்த வாரமே தாரணி சோத்துத் தட்டு முன்னால உக்காந்து சொல்றா, "அப்பா, நான் பூவரசனைக் கட்டிக்கறேன்"னு. அவளும் மில்லுலதான், அனுப்பற செக்சன்ல கம்ப்யூட்டர். நான் என்ன பெருசாக் கத்தவா செஞ்சேன்? "அது ஒண்ணா வேகாது அம்மிணி"ன்னு மட்டும் சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்டேன். ஏன்னு கேட்டா. அவங்க வேறங்க. எப்படி வேறன்னா, வேறங்க. அதையெல்லாம் வாய் விட்டுச் சொல்லணுமா? வாத்தியாரு, உங்களுக்குத் தெரியாததா. எங்கூட்டுக்காரி மயிலாத்தா ரசத்தை மட்டும் எனக்கு ஊத்தாம உள்ள எடுத்துட்டுப் போயிட்டா.

இதுக்கும் அடுத்து நடந்ததுக்கும் சம்பந்தமில்லைங்க. இதை முதல்லயே சொல்லிப் போடறேன்.

மேடத்தோட முதல் பரிசோதனை. காலை ஷிப்டு. பெல்ட்ல சவுக்கு மட்டும் போகணும், ஒரு துண்டு மூங்கில் கூட விழக்கூடாது. அதைப் பாத்துக்கன்னு பூவரசனை நிக்க வெச்சிருந்தாங்க. நானும் நின்னு பாக்கறேன். வெறும் சவுக்கு, வண்டி வண்டியா. என்னமோ பொறுக்க முடியலைங்க. உப்பில்லாத சோறு போறாப்பல இருந்துச்சு. பூவரசன் அந்தப் பக்கம் திரும்பி ஏதோ எழுதிட்டிருந்தான். நான் பக்கத்துல கெடந்த மூங்கில் சீவல் ஒரு கூடையைத் தூக்கிப் பெல்ட்ல கவுத்துட்டேன். ஒரே கூடைதானுங்க. சாம்பாருக்குப் பெருங்காயம் போடறதில்லையா, அதாட்ட.

மூணாம் நாள் மேடம் மைக்ராஸ்கோப்பும் கையுமா ஓடி வர்றாங்க. சவுக்குக் கூழுல மூங்கில் நாரு நிக்குதாம். எங்கயோ குழாயில கலப்பு இருக்குதுன்னு நெனச்சு மில்லையே நிறுத்திட்டாங்க. மூணு நாளு தொட்டி தொட்டியாக் கழுவுனாங்க. அந்தக் கூழுல ஓட்டுன பேப்பர் ரீலைக் கழிச்சு, பவானியில ஏதோ அச்சாபீசுக்குத் தள்ளி விட்டாங்க. குழாய்ல ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சதும் மேனேஜர் யார்டுக்கே வந்துட்டாரு.

"பெல்ட்ல யார் நின்னது?"

"நான்தான் சார்"னான் பூவரசன்.

"மூங்கில் விழுந்ததைப் பாக்கலையா?"

அவன் கையில இருந்த நோட்டை மூடுனான். அப்புறம், "பாக்கலை சார்"னான்.

அன்னைக்கே அவனுக்கு வேலை போச்சுங்க. நானும் அங்கதான் நின்னேன். வாயைத் தொறக்கலாம்னுதான் பாத்தேன், தொண்டையில சிலாம்பு மாட்டுனாப்பல இருந்துச்சு. அதுக்குள்ள மேனேஜர் வேற பேச்சுக்குப் போயிட்டாரு. பெரியவங்க பேசறப்ப நடுவுல புகுந்து பேசறது மரியாதை இல்லைங்களே.

ரெண்டாவது பரிசோதனையில தாளு அமைஞ்சுருச்சு. நான் கூடையைத் தொடலை. தொடாதது மட்டுமில்ல, யாரையும் தொட விடலை. மூங்கில் தனி, சவுக்கு தனி, கடைசியில கலவை. ரெண்டு கையில பிடிச்சு இழுத்துப் பாத்தேன், விட மாட்டேங்குது. நோட்டுக் கம்பெனிக்காரன் மறுபடியும் ஆர்டர் குடுத்தான். யார்டு தப்பிச்சுது, அறுபத்திமூணு குடும்பமும் தப்பிச்சுது. விழா வெச்சாங்க. மேடத்துக்கு ஒரு சால்வை, எனக்கு ஒரு சால்வை. என்னைப் பேசச் சொன்னாங்க. "கலவை பழைய பொங்கியண்ணன் கலவைதான், வேக வெக்கற விதத்தை மட்டும் மேடம் கொஞ்சம் மாத்தியிருக்காங்க"ன்னு பெருந்தன்மையாச் சொன்னேன். நல்லாக் கை தட்டுனாங்க. மாரப்பன் முன்வரிசையில உக்காந்து தட்டுனான். அவன் மகனுக்கு வேலை போயிப் பதினோரு நாளு ஆயிருந்துச்சு. கூடை விசயம் அவனுக்குத் தெரியாது போலிருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். தெரிஞ்சிருந்தாத் தட்டுவானா? இல்லைங்க, தட்டுவான். அவன் அப்படிப்பட்டவன். அதை நெனச்சா எனக்கு அந்தச் சால்வையை இன்னும் பொட்டியில இருந்து எடுக்க முடியலை.

தாரணி ஆடி முடிஞ்ச மறுநாள் பையோட வாசல்ல நின்னா. அழுகலை. "அப்பா, அவர் பாத்தாரு. நீங்க கூடையைக் கவுத்ததைப் பாத்தாரு. மேனேஜர் கேட்டப்ப சொல்லலை"ன்னா. "பாத்தும் சொல்லலைன்னா அது டியூட்டியில தப்பில்லையா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டது நாயந்தானுங்களே? நீங்க வாத்தியாரு, நீங்களே சொல்லுங்க. என்னுங்க? சொல்ல மாட்டீங்களா. எம்பொண்ணு செருப்பை மாட்டிட்டுப் போயிட்டா.

அது என்ன, ஊராட்சிக்கோட்டையா? இன்னும் ரெண்டு ஸ்டாப்பு. சீக்கிரம் வந்துட்டானே. மத்த நாள்ல உருட்டிட்டுத்தான் வருவான்.

பத்து நாளைக்கு முன்னால மாரப்பன் பத்திரிகை வெக்க வந்தான். தட்டு, வெத்தலை பாக்கு, பழம், எல்லாம் முறையா. வெள்ளை வேட்டி கட்டியிருந்தான், கையில ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. கேட்டுக்கு வெளிய நின்னு, "ஐயா, நீங்க வந்து முன்னால நிக்கோணும்"னான். நான் உள்ள வான்னு சொல்லலை. வெளிய போன்னும் சொல்லலைங்க. எங்கூட்டுக்காரி விடுவிடுன்னு காப்பி கொண்டுக்கிட்டு வந்தா. எதுல? என்ற டம்ளர்ல. ஊட்டுல வேற டம்ளரே இல்லாதாப்பல. மாரப்பன் அதைப் பாத்தான், என்னைப் பாத்தான், அப்புறம் டம்ளரை ஒசக்கத் தூக்கி அண்ணாந்து குடிச்சான். வாய் ஓரத்துல கூடப் படலை. சூடு காப்பிங்க, தொண்டை வெந்திருக்கும். வெச்சுட்டுக் கும்பிட்டுட்டுப் போயிட்டான்.

நான் டம்ளரை எடுத்துட்டுக் கொழாயடிக்குப் போனேன். ரெண்டு தரம் கழுவலாம்னுதான் போனேன். உள்ள பாக்கறேன், வெளிய பாக்கறேன். கழுவறதுக்கு அதுல ஒண்ணுமே இல்லைங்க சார். இத்தனை வருஷமா நான் என்னத்தைக் கழுவிட்டிருந்தேன்னு தெரியலை. கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்துட்டேன். எங்கூட்டுக்காரி வந்து பாத்துட்டு, "தண்ணி வீணாப் போகுது"ன்னு கொழாயை மூடிட்டுப் போயிட்டா. முந்தாநாள் அவளும் பவானிக்குக் கெளம்பிட்டா. போறப்ப என்னைக் கூப்பிடக் கூட இல்லை. வேட்டியை மட்டும் தேச்சு நாற்காலி மேல வெச்சிருந்தா. இதுதான் அந்த வேட்டி. வேற வேட்டி துவைக்கலைங்க, அதனால கட்டிட்டு வந்தேன்.

பத்திரிகையை இந்தப் பையிலதான் வெச்சிருக்கேன். பாருங்க. பொங்கியண்ணன், மயிலாத்தாள் தம்பதியரின் மகள்னு என்ற பேரைப் போட்டிருக்காங்க, என்னைக் கேக்காமயே. எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்லை. கோவத்துல கிழிக்கறது வேற, டெஸ்டுக்குக் கிழிக்கறது வேற. நான் டெஸ்டுக்குத்தான் கிழிச்சேன். ஓரம் வர மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். இதா, இந்த மூலையைப் பாருங்க. உங்க பரீட்சைப் பேப்பராட்ட நறுக்குனு வரலை. பஞ்சு பஞ்சா, நீட்டு நீட்டா வெளிய வந்து நிக்குது பாருங்க. கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க. இது ரெப்பை முடியில்லைங்க, நான் நல்லாத் தள்ளி நின்னு பாத்துட்டேன்.

மூங்கில் நாருங்க சார்.

பூவரசன் இப்ப பவானியில அந்த அச்சாபீசுலதான் வேலைக்கு நிக்கறான். கழிச்சுத் தள்ளுன அந்த ரீலு அங்கதான் போச்சு. வெறும் சவுக்குன்னு ஓட்டுன தாளுல மூங்கில் எங்க இருந்து வந்துச்சு? நான் கவுத்த கூடைதானுங்களே. தெரிஞ்சேதான் அந்தத் தாளுல அடிச்சிருக்கான். குத்திக் காட்டறதுக்கு அடிச்சானா, இல்லை என்னையும் சேத்துக்கணும்னு அடிச்சானா, இது ஒண்ணுதான் பத்து நாளா என்னைத் தூங்க விடலை. அவன் குத்திக் காட்டற ஆளில்லைங்க. அதுதான் எனக்குத் தாங்கலை.

பவானி வந்துருச்சுங்களா? வழி விடுங்க, வழி விடுங்க. இல்லைங்க, கல்யாணத்துக்குன்னு இல்லை. எந்த ரீலுன்னு மட்டும் அவன்கிட்டக் கேட்டுட்டு வந்துடறேன். தொழில் விசயமுங்க. மேடமும் வர்றாங்களாம், மேனேஜரும் வர்றாராம். கூடை விசயத்தையும் அப்படியே சொல்லிப் போடலாம்னு பாக்கறேன். சாப்பாட்டுக்கு அப்புறமா? இல்லைங்க, தாலி கட்டறதுக்கு முன்னாலயே சொல்லிப் போடணும். அப்புறம்னா மறுபடியும் தொண்டையில மாட்டிக்கும்.

கண்டக்டரே, கொஞ்சம் நில்லுப்பா, வயசான ஆளு எறங்கறேன்.

என்னுங்க சார்? டம்ளரா? பையோட வெச்சுட்டனா. இருக்கட்டுங்க, நீங்களே எடுத்துட்டுப் போங்க, நல்ல எவர்சில்வர். அங்க எல்லாருக்கும் பேப்பர் கப்புதான் வெச்சிருப்பாங்க. அது என்ன நாருன்னு பாக்கணும்.